அத்தைக்கு இரண்டரைப் புள்ளி

மூன்றரை மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மெழுகக்கா கைப்பையைத் தோளில் மாட்டினாள். அதே நொடியில் பாலிஷ்காரன் தன் மோட்டாரை நிறுத்தினான். கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜர் தலையை நிமிர்த்தினார். அந்தப் பட்டறையில் சத்தம் நின்றால் வம்பு கிளம்பிவிட்டது என்று பொருள்.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் பாலிஷ்காரன். "அக்கா தினமும் மூணரைக்குக் கிளம்பறாங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வரணும், சரி. எனக்குப் பாப்பா இல்ல, அதனால அஞ்சரை வரைக்கும் உக்காந்திருக்கேன். பெத்துக்காதது என் தப்பா சார்?"

அது பல்செட் செய்யும் பட்டறை. எட்டுப் பேர் வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பது ஒருவன். தாடைமேல் மெழுகு வைத்துப் பல் பதிப்பது மெழுகக்கா. மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்தில் பிளாஸ்டிக்கை நிரப்பி வேகவைப்பது உலைக்காரர். கடைசியில் பளபளப்பு ஏற்றுவது பாலிஷ்காரன். ஒரு கை நின்றால் அடுத்த கை சும்மா இருக்க வேண்டியதுதான். அதனால் அவர்கள் தங்களுக்குள் பேசி, விட்டுக்கொடுத்து, ஒருத்தர் வேலையை ஒருத்தர் முன்பின்னாகத் தள்ளி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் பாலிஷ்காரனுக்கு அக்கா சீக்கிரம் போவதில் ஒரு வருத்தமும் கிடையாது. அவன் பாலிஷில் கீறல் இருக்கிறது என்று அன்று காலையில் அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்தக் கடுப்பு. ஒரு காபியில் தீர்ந்துபோகிற விவகாரம். ஆனால் அதற்குள் மேனேஜர் எழுந்து வந்துவிட்டார்.

மேனேஜருக்கு நேரில் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் தராசு. "நியாயம்னா எல்லாருக்கும் ஒரே நியாயம்" என்பதை நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போன வருஷம் யாரோ கொண்டுவந்த கேக்கைப் பிளாஸ்டர் நிறுக்கும் தராசில் வைத்து எட்டுப் பங்காக நிறுத்துக் கொடுத்தார். ஆளுக்கு அறுபத்திரண்டு கிராம். கேக்கோடு கொஞ்சம் பிளாஸ்டரும் உள்ளே போனது, இரண்டு பேருக்கு வயிறு கட்டிக்கொண்டது. அன்று வைத்த பெயர் அது.

"ஏம்மா, அவர் கேக்கறதுல நியாயம் இருக்குல்ல?" என்றார் தராசு.

"சார், நான் காலைல ஏழரைக்கே வந்துடறேன். எட்டு மணி நேரம் சரியா வருதே."

"ஏழரைக்கு நீங்க வந்ததை யாரு பாத்தா? நானே ஒன்பதரைக்குத்தான் வர்றேன்."

நாளை முதல் எல்லாரும் ஒன்பதரைக்கு வந்து ஐந்தரைக்குப் போக வேண்டும், பிள்ளை உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் கிடையாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பாலிஷ்காரனுக்கே சங்கடமாகப் போய்விட்டது. விளையாட்டாய்க் கிள்ளப் போய்க் காதை அறுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று முணுமுணுத்தபடி மோட்டாரைப் போட்டான்.

மறுநாள் மூன்றரைக்கு மெழுகக்காவின் நாலு வயது மகள் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். காப்பகம் மூன்றே முக்காலுக்குப் பூட்டிவிடும், வேறு வழியில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். குழந்தை சமர்த்து. அழவில்லை, ஓடவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா செய்வதைப் பார்த்து, தானும் மெழுகில் பல் பதித்தது. அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அது பதித்த மூன்று பல்லும் ஒரு மேல்தாடையில் இடுக்கு பார்த்து உட்கார்ந்துகொண்டன. உலைக்காரர் வழக்கம்போல் எண்ணிப் பார்க்காமல் வேகவைத்தார். பாலிஷ்காரன் பளபளக்க வைத்தான். பதினாலு பல் இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு பல்லோடு அது டாக்டருக்குப் போனது.

டாக்டர் போனில் கூப்பிட்டார். நோயாளி புதுப்பல்லை மாட்டிக்கொண்டு சிரித்ததும் அவர் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாராம். இன்னும் உள்ளே வரவில்லையாம்.

தராசு குழந்தையைத் தடை செய்தார். அப்புறம் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, லீவு, பர்மிஷன் விஷயங்களில் ஒரு கண்டிப்பான முறை கொண்டுவரலாமா என்று கேட்டார். முதலாளியம்மா வேறு ஏதோ வேலையாக இருந்தார். "அதெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க. யாருக்கு லீவு, எவ்வளவு லீவு, எதுக்கும் என்னைக் கேக்க வேண்டாம். உங்க லீவையும் சேத்துத்தான் சொல்றேன். ஆறு வருஷத்துல நீங்க ஒரு நாள்கூட எடுக்கல, ஒரு வாரம் எடுத்துக்கிட்டுத்தான் போங்களேன்," என்று சொல்லி வைத்துவிட்டார். போய்த் தொலையேன் என்பதை மரியாதையாகச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். தராசு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். மனிதாபிமானம் வேண்டும், ஆனால் அது அளவோடு வேண்டும் என்பது பேச்சின் சாரம். குடும்பம் எல்லாருக்கும் இருக்கிறது, தனக்கும் இருக்கிறது என்றார்.

"எனக்கு அப்பா இல்லையா? எண்பது வயசு. பழைய வீட்ல தனியாத்தான் இருக்கார். அதுக்காக நான் ஒரு நாள் லீவு போட்டிருக்கேனா? யாராவது பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் போன்காரப் பெண் தலையை நீட்டி, சார், உங்கள் அப்பா லைனில் இருக்கிறார் என்றாள். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு அவர் குடும்பப் பொறுப்பைப் பற்றித் தொடர்ந்து பேசினார்.

பிறகு சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினார். உறவுப் புள்ளிப் பட்டியல். அப்பா, அம்மா பத்துப் புள்ளி. கணவன், மனைவி எட்டு. பிள்ளைகள் ஏழு, பத்து வயது தாண்டிவிட்டால் ஐந்து. மாமனார், மாமியார் நாலு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை மூன்று. அத்தை, மாமா, சித்தி வகையறா இரண்டரை. ஒன்றுவிட்டது அரை, இரண்டுவிட்டது கால். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு புள்ளிக்கு அரை மணி நேரம் பர்மிஷன். பாசத்தை வகை வாரியாகப் பிரித்து, கட்டம் போட்டு, அடிக்கோடு இழுத்து, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

முதல் நாளே சண்டை. பெரியம்மா அம்மாவைவிட மூத்தவள்தானே, அவளுக்கு எப்படி இரண்டரை போடலாம் என்று ஒருவர் கேட்டார். பட்டியலில் தனக்கு ஒரு சொந்தம்கூட இல்லையே என்று பாலிஷ்காரன் கேட்டான். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது அவனுக்கு. நியாயஸ்தர் யோசித்தார். யாரும் இல்லாதவர்களுக்கு மாதம் எட்டுப் புள்ளி, தனியாள் ஈடு என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். உடனே கல்யாணமானவர்கள் இரண்டு பேர், கூட்டத்தில் இருந்தாலும் நாங்களும் தனியாள்தான் சார் என்று மனுப் போட்டார்கள்.

உலைக்காரரின் வீட்டில் பதினொரு பேர். அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் இரண்டு தடவை காய்ச்சல். நாற்பத்தெட்டு மணி நேர வாரத்தில் அவருக்கு ஐம்பத்தொரு மணி நேர பர்மிஷன் சேர்ந்தது. மிச்ச மூன்று மணி நேரத்தை எங்கிருந்து எடுத்துக்கொள்வது என்று அவர் பணிவாக வந்து கேட்டார். தராசு அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை போன்காரப் பெண்ணின் அத்தைக்கு மாரடைப்பு. அத்தைக்கு இரண்டரைப் புள்ளி, ஒன்றேகால் மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போக நாற்பது நிமிடம், திரும்பி வர நாற்பது நிமிடம். அதாவது அத்தை முகத்தைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவள் திரும்பிவிட வேண்டும்.

"அம்மா போனதுக்கு அப்புறம் அவங்கதான் சார் என்னை வளத்தாங்க," என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது.

"புரியுதும்மா. ஆனா வளத்ததுக்குன்னு பட்டியல்ல தனிக் கட்டம் இல்லையே. கொஞ்சம் வேகமா போய்ட்டு வாயேன்."

மனுஷன் இதை மனதார, உதவி செய்கிற பாவனையில்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

மெழுகக்கா எழுந்து வந்தாள். "சார், என் பொண்ணுக்கு ஜுரம்னு எழுதிக்கோங்க. அந்த ஏழு புள்ளியை இவ கணக்குல போடுங்க." அப்படிச் செய்யக் கூடாது என்று பட்டியலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தராசு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார். அந்தப் பெண் ஓடினாள்.

அதோடு விட்டதா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகப் பட்டறை முழுக்க உறவு வியாபாரம் ஆரம்பித்தது. உலைக்காரரிடம் உபரியாக இருந்த ஒரு மச்சானைப் பாலிஷ்காரன் வெள்ளிக்கிழமைக்கு வாங்கிக்கொண்டான். மெழுகக்காவுக்கு ஒரு நாத்தனார் கைமாற்றாக வந்தாள். நாலு பேர் இருக்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு டாக்டருக்கு இரண்டு மேல்செட்டும் இன்னொரு டாக்டருக்கு இரண்டு கீழ்செட்டும் போயின. இரண்டு நோயாளிகளும் ஒரே பஸ்ஸில் வந்திருந்தால் தங்களுக்குள் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

இப்போதாவது பட்டியலைக் கிழித்திருப்பார் என்று நினைப்பீர்கள். தராசு அதோடு ஒரு படிவத்தைச் சேர்த்தார். நோயாளியின் பெயர், நோய், விண்ணப்பதாரருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவு, ஆதாரம். ஆதாரம் இல்லாமல் அரைப் புள்ளி கிடையாது.

பாலிஷ்காரன் ஆதாரத்தைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தான். அது ஒரு சாம்பல் நிறப் பூனை, காலில் கட்டு. தனக்கென்று இருக்கும் ஒரே ஜீவன் அதுதான், வாரம் இரண்டு தடவை கட்டு மாற்ற வேண்டும், என்ன புள்ளி என்று கேட்டான். தராசு மறுக்கவில்லை. பூனைக்கு ஒன்றரை கொடுக்கலாமா ஒன்றேகால் கொடுக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது பூனை கூடையை விட்டு இறங்கி, ஈரம் காயாத தாடைகளின் வரிசையில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தது. ஒன்பது தாடை போச்சு. ஒவ்வொன்றிலும் அழகாகப் பாதம் பதிந்திருந்தது.

அந்த ஒன்பதையும் மறுபடி வார்த்தவன் சுண்ணாம்பு. பிளாஸ்டர் வேலைக்காரன். பதினாலு வருஷமாகப் பிளாஸ்டர் தூசியில் நின்று நின்று தலைமுடி, புருவம், கை எல்லாம் வெளுத்திருக்கும். அதிகம் பேசமாட்டான். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் ஒன்பதையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். அவன் சம்பளத்தில்தான் வீட்டில் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

அவனிடமும் ஒரு குறை இருந்தது. ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் மதியம் இரண்டு மணி நேரம் வெளியே போவான். யாரோ ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். முன்பெல்லாம் உலைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவான், காலையில் சீக்கிரம் வந்து ஈடு கட்டிவிடுவான். இப்போது படிவம் வந்துவிட்டது. உறவு என்ற கட்டத்தில் அவன் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தான்.

தராசு அவனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உங்கப்பா இருக்காரா?"

"போய் ஒன்பது வருஷம் ஆச்சு சார்."

"மாமனார்?"

"அவரும் இல்ல."

"அப்ப இந்தப் பெரியவர் யாரு?"

"வேண்டியவர் சார்."

"வேண்டியவர்னு பட்டியல்ல இல்லியே."

"பாத்தேன் சார்."

"அவருக்குப் புள்ளை குட்டி கிடையாதா?"

சுண்ணாம்பு விரல் நகத்தில் இருந்த பிளாஸ்டரைச் சுரண்டினான். "ஒரு மகன் இருக்கார். அவருக்கு வேலை ஜாஸ்தி."

"நல்லா இருக்கே கதை. பெத்த அப்பனைப் பாக்காம ஒரு தறுதலை எங்கயோ சுகமா உக்காந்திருப்பான், அவனுக்காக என் பட்டறை நிக்கணுமா? அவனைப் போய்ப் பாக்கச் சொல்லு. சொல்லிட்டேன்."

"சொல்ல முடியாது சார்," என்றான் சுண்ணாம்பு.

தராசுக்குச் சந்தேகம் முளைத்தது. ஊர் பேர் தெரியாத பெரியவருக்காக ஒருவன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெயிலில் அலைவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. தன்னால் முடியாததை அடுத்தவன் செய்தால் அதில் கள்ளம் இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பல்செட் பட்டறை புதிதாகத் திறந்திருந்தார்கள். பயல் அங்கே போய் வேலை பார்க்கிறான், பெரியவரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை என்று முடிவே கட்டிவிட்டார். அன்று மாலை அப்பாவிடமிருந்து மறுபடியும் போன். ஏதோ அவசர வேலை என்று தாழ்ந்த குரலில் சொல்லி வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டருக்குப் பன்னிரண்டு செட் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்து சுண்ணாம்பு அரை நாள் லீவு கேட்டான்.

"இன்னிக்குக் கண் ஆபரேஷன் சார். கூட ஒருத்தர் இருந்து கையெழுத்துப் போட்டாத்தான் உள்ளயே கூட்டிட்டுப் போவாங்களாம்."

"எத்தனை புள்ளி இருக்கு உன்கிட்ட?"

"ஒண்ணும் இல்ல சார்."

மெழுகக்கா தன் புள்ளியைத் தருவதாகச் சொன்னாள். உலைக்காரர் ஒரு மாமியாரையும் இரண்டு கொழுந்தியாளையும் தருவதாகச் சொன்னார். பாலிஷ்காரன் பூனையையே எழுதி வைக்கத் தயாராக இருந்தான். நோயாளி யார் என்று தெரியாமல் புள்ளி மாற்ற முடியாது என்று தராசு சொல்லிவிட்டார். அன்று காலையில்தான் அந்த விதியைச் சேர்த்திருந்தார்.

"போனா திரும்பி வர வேண்டாம். நியாயம்னா எல்லாருக்கும் ஒரே நியாயம்."

சுண்ணாம்புக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா, அந்த வெள்ளை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழாயடிக்குப் போய்க் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினான். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கையின் உண்மையான நிறத்தை அன்று எல்லாரும் பார்த்தார்கள். பிறகு வெளியேறினான். பன்னிரண்டு செட்டுக்கான தாடைகளும் அவன் மேஜைமேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. விடியற்காலை ஐந்துக்கே வந்து முடித்திருந்தான். தராசு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை நீக்கக் கடிதத்தைத் தராசே உட்கார்ந்து அடித்தார். அடித்து முடித்ததும் அவருக்குள் இருந்த நீதிமான் விழித்துக்கொண்டார். விசாரிக்காமல் தண்டிப்பது நியாயமில்லை. நேரில் போய், கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே கடிதத்தைக் கொடுத்துவிடுவதுதான் முறை.

வேலை நேரத்தில் வெளியே போக அவருக்கும் படிவம் உண்டு. இந்த விஷயத்தில் மனுஷனைக் குறை சொல்ல முடியாது. பேனாவை எடுத்து நிரப்பினார். உறவு: இல்லை. காரணம்: சரிபார்ப்பு. கேட்கும் நேரம்: மாலை வரை. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, அனுமதிப்பவர் என்ற இடத்தில் அதே கையெழுத்து. மொத்தம் பத்து நொடி ஆனது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பகல் வெளிச்சத்தில் பட்டறைப் படி இறங்கினார். போன்காரப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிற்கவில்லை.

முதலில் புதுப் பட்டறைக்குப் போய் எட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு அங்கே இல்லை. சரி, ஆஸ்பத்திரி என்று சொன்னானே, அந்தப் பொய்யையும் உடைத்துவிடுவோம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவேற்பு மேஜையில் அன்றைய ஆபரேஷன் பதிவேடு விரித்து வைத்திருந்தது. நோயாளிகளுக்குப் பெயர் இல்லை, கட்டில் எண் மட்டும்தான்; கூட வந்தவர்கள் வரிசையில் சுண்ணாம்பின் கையெழுத்து இருந்தது. தராசுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் உறவு என்ற கட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம் திரும்பியது. அங்கே அவன் "உடன் வேலை பார்ப்பவரின் அப்பா" என்று எழுதியிருந்தான்.

பொய். அப்பட்டமான பொய். தராசு அங்கேயே நின்று பட்டறை ஆட்களை ஒவ்வொருவராக எண்ணினார். மெழுகக்காவின் அப்பா வெளியூர். உலைக்காரரின் அப்பாவுக்குப் போன வாரம்தான் காய்ச்சல், கண்ணில் ஒன்றும் இல்லை, படிவம் இருக்கிறது. பாலிஷ்காரனுக்கு அப்பாவே கிடையாது. போன்காரப் பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுகிறார், குருடராக இருந்தால் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். மிச்ச இரண்டு பேரின் அப்பாக்களும் கோப்பில் காலமானவர்கள். விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினார், யாரும் விட்டுப்போகவில்லை. தன்னை அவர் எண்ணவில்லை. மேனேஜரை உடன் வேலை பார்ப்பவர் என்று யாரும் நினைப்பதில்லை, மேனேஜர் உட்பட.

கடிதத்தை உறையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள். கடைசிக் கட்டிலருகே சுண்ணாம்பு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். கட்டிலில் இருந்தவருக்கு ஒரு டம்ளரைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு நர்ஸ் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"உடன் வேலை பார்ப்பவரின் அப்பாவா?" என்று தராசு வாசலிலிருந்தே ஆரம்பித்தார். "எந்த உடன் வேலை? எந்த அப்பா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டுலயே பொய் எழுதற அளவுக்கு வந்துட்டியா நீ?"

சுண்ணாம்பு திரும்பினான். அவரைப் பார்த்ததும் அவன் முகம் பயப்படவில்லை. பாவம் என்பது போலப் பார்த்தது. மெதுவாக ஒரு அடி நகர்ந்து நின்றான்.

கட்டிலில் இருந்தவருக்கு ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மற்ற கண் குரல் வந்த திசையைத் தேடியது. தேடிக் கண்டுபிடித்ததும் அவர் பொக்கை வாய் முழுக்கச் சிரித்தார்.

"வந்துட்டியாப்பா?" என்றார் தராசின் அப்பா.

தராசு கையிலிருந்த கடிதத்தை மடித்தார். மறுபடி மடித்தார். அது இன்னும் சின்னதாக மடியவில்லை என்பதில் அவருக்கு என்னவோ கோபம் வந்தது.

பெரியவர் குதூகலமாகப் பேசிக்கொண்டே போனார். போன வருஷம் ஒரு நாள் கண் மங்கிப் போய் மகனைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தாராம். மீட்டிங் என்று சொன்னார்களாம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். இந்தப் புண்ணியவான்தான் கைப்பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டானாம், அப்புறம் ஒவ்வொரு தடவையும் இவனேதான் வந்தானாம். "உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். உனக்கு இருக்கற கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

தராசு சுண்ணாம்பைப் பார்த்தார். சுண்ணாம்பு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன கஷ்டம் என்று அப்பாவிடம் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வந்தவரைத் தலையிலிருந்து கால் வரை பரிவோடு ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓ, அந்த மகன் நீங்கதானா? அப்பா செத்தாக்கூட லீவு குடுக்க மாட்டான்னு நீங்க போன்ல சொல்லிச் சொல்லி அழுவீங்களாமே, அந்தப் பாவி மேனேஜர் இன்னிக்கு எப்படி சார் உங்களை விட்டான்?"